“கர்த்தருடைய வழி வேற தம்பி” என்று எல்லாரும் சொல்லும்போது

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். 2018 கஜா புயலில் அவர்கள் வீட்டுத் தென்னந்தோப்பு விழுந்துவிட்டது. இருநூற்றுச் சொச்சம் மரத்தில் மிஞ்சியது முப்பது. கடன் வாங்கிக் கன்று நட்டார்கள். கடனை அடைக்க வெளிநாட்டு வேலைக்குப் போகலாம் என்று அக்காவின் நகையை அடகு வைத்து ஒரு ஏஜென்டிடம் பணம் கட்டினார். விசாவும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறார். சபையில் யாரிடம் சொன்னாலும், “கர்த்தருடைய வழி வேற தம்பி, எல்லாம் நன்மைக்கே” என்கிறார்கள். அப்பா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். “ஐயா, இதெல்லாம் உண்மையிலேயே தேவனுடைய வழியா? அப்படியென்றால் இப்படிப்பட்டவரை தினமும் காலையில் எழுந்து எப்படி நம்புவது? அப்பாவிடம் என்ன சொல்வது? உபவாசத்தை விட்டுவிடலாமா?” இதுதான் அவர் கேட்டது.

தம்பி, நடந்த ஒவ்வொன்றுக்கும் ‘தேவனுடைய வழி’ என்று பெயர் வைக்கச் சொல்லி வேதம் உங்களைக் கேட்கவே இல்லை. அப்படிப் பெயர் வைக்க முடியாத நாளிலும் அவர் கையை விடாதே என்றுதான் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு நானே பல வருடம் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் எல்லாரும் சொல்லும் அந்த வசனம் ஏசாயா 55ஆம் அதிகாரத்தில் 8ஆவது. “என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல, உங்கள் வழிகள் என் வழிகளும் அல்லவென்று கர்த்தர் சொல்லுகிறார்.” துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இதைச் சொல்லாத கிறிஸ்தவர் நம் பக்கம் இருக்க மாட்டார். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. துன்மார்க்கன் தன் வழியை விட்டுத் திரும்பி வரட்டும், தேவன் “மன்னிக்கிறதற்கு தயை பெருத்திருக்கிறார்” என்று அங்கே இருக்கிறது. பேச்சே மன்னிப்பைப் பற்றியதுதான். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்கு, இனி நமக்கு ஊரும் இல்லை சாமியும் இல்லை என்று மனம் விட்டுப்போனவர்களுக்குச் சொன்ன வார்த்தை. ஒருவன் நமக்குத் துரோகம் செய்தால் நாம் கணக்கு வைத்திருப்போம். திரும்பி வந்தாலும் திண்ணையில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்ட பிறகுதான் உள்ளே விடுவோம். தேவன் அப்படி இல்லை. அந்த இடத்தில்தான் அவர் வழி நம் வழியைவிட வானத்தளவு உயர்ந்திருக்கிறது என்கிறார் தீர்க்கதரிசி. “உன் தோப்பு ஏன் விழுந்தது என்று உனக்குப் புரியாது, சும்மா இரு” என்று வாயை அடைப்பதற்காகச் சொன்ன வசனமே இல்லை அது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். ஒரு அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்குப் பொறையாறு பக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். சம்பளமில்லாப் பிரசங்கியாராகவும் சபையில் ரொம்ப வருடமாக நிற்கிறேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு தரங்கம்பாடியில் கடலோரமாக ஒரு சொந்தக்காரர் வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருந்தோம். முந்தின நாள் ராத்திரி, உள்ளே ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாருக்குக் காய்ச்சல், காலை ஆராதனை நடத்த ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டு ஆள் வந்தார். பண்டிகைக்கு மறுநாள் யார் போவார்கள்! மனசில்லாமல்தான் மனைவியையும் பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்குமேல் சுனாமி வந்தது, நடந்தது உங்களுக்கே தெரியும். அப்போது எங்கள் ஊர் நாகை மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் கதவு நிலை மட்டும் நின்றது.

அடுத்த ஞாயிறு, புது வருடத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் எழுந்து சாட்சி சொன்னேன். காய்ச்சலைக் கொண்டு கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார், அவர் வழிகள் ஆராய்ந்து முடியாதவை என்று. குரல் தழுதழுத்தது. பல பேர் அல்லேலூயா சொன்னார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மீனவத் தெரு அம்மா ஒருவர் வாசற்படி ஓரமாக நின்றார். ஒன்பது வயது மகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். நிவாரண டோக்கனை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். வேர்வையில் அது துணி மாதிரி துவண்டுபோயிருந்தது. என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டார்: “சார், ஒங்கள ஊரவிட்டு அனுப்பிவச்ச சாமி, எம்புள்ளைய மட்டும் கரையில நிப்பாட்டி வச்சிதா?”

எனக்கு வாய் வரவில்லை. ஏசாயா 55 நாக்கு நுனியில் இருந்தது, சொல்ல முடியவில்லை. என் மனைவி போய் அந்த அம்மா பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன்.

உயிரோடு இருப்பதற்கு நான் தேவனுக்கு நன்றி சொல்லாமல் இல்லை தம்பி, இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அதை அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டிச் சொல்கிறேன். என் பிழைப்பை வைத்து இன்னொருவர் சாவுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கு உரிமை கிடையாது. அதே காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில், பண்டிகைக்கு மாதாவைப் பார்க்க வந்த யாத்திரைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஜெபிக்க வந்தவர்கள்தானே அவர்களும்? இயேசுவிடம் இதே மாதிரிக் கேள்வி வந்திருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை அவரே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்கிறார். ‘நீங்கள் மனந்திரும்புங்கள்’ என்று கேட்கிறவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் சொல்லவே இல்லை. தேவகுமாரனே சொல்லாத காரணத்தை நம் சபை மூப்பர்கள் மூச்சு விடாமல் சொல்கிறார்கள் என்றால், அது அன்பினால் சொல்வதாகவே இருந்தாலும் அவசரம்தான். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். ஒருவர் அழும்போது சும்மா இருக்க நமக்குப் பயம், அந்தப் பயத்தில் வசனம் சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் ‘எதிர்பாராத வழி’ என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நான் அதை நம்புகிறேன். நான் இருக்கும் மண்ணே அதற்குச் சாட்சி.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனெரிகள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டென்மார்க் ராஜா நான்காம் ஃப்ரெடெரிக் அனுப்பியவர்கள். ஆனால் இங்கே கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கே அவர்கள் வந்தது பிடிக்கவில்லை. சீகன்பால்கு ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார். இரண்டு வருடம் கழித்து, 1708 கடைசியில், கோட்டைத் தளபதி அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் அடைத்தார். ஒரு விதவையின் வழக்கில் அவர் பரிந்து பேசியதும் அதற்கு ஒரு காரணம்.

அப்புறம் அச்சு எந்திரத்தின் கதை. எஸ்.பி.சி.கே. என்ற லண்டன் சங்கம் 1711இல் ஒரு எந்திரத்தையும் கூடவே யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சடிப்பவரையும் கப்பலில் அனுப்பியது. பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எப்படியோ மீண்டு வந்தால், நன்னம்பிக்கை முனைப் பக்கம் வரும்போது ஃபிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712இல் எந்திரம் வந்து சேர்ந்தது, அதை ஓட்ட அனுப்பிய மனிதர் வரவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ பெரிசு பெரிசாக இருந்தன. அந்த அளவில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய உறைகளை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதத்துக்குப் பொறையாறில் ஆலை வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன்னால் புதிய ஏற்பாடு அச்சானதில்லை.

இந்தக் கதையை நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுக் கப்பல் தடுத்தது, காய்ச்சல் தடுத்தது, ஆனாலும் கர்த்தருடைய வசனம் தடைபடவில்லை என்று முடிப்பேன். அந்த மீனவத் தெரு அம்மா கேட்ட பிறகுதான் எனக்கு ஃபிங்க் ஞாபகம் வந்தார். அவர் கதை அச்சான புத்தகத்தோடு முடியவில்லையே. நடுக்கடலில் முடிந்துவிட்டது. தரங்கம்பாடிக் கரையை அவர் பார்க்கவே இல்லை. சீகன்பால்குவுக்கும் அதே கதைதான். பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719 பிப்ரவரியில் 36 வயதில் போய்விட்டார். மிச்சத்தை ஷூல்ட்ஸ் என்ற இன்னொருவர்தான் முடித்தார்.

ஆகவே இப்போது நான் இப்படிச் சொல்கிறேன். தேவனுடைய எதிர்பாராத வழி உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது, அதுவும் சில நேரம் வேறொருவர் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. நடுவில் இருக்கிறவனுக்கு அது காய்ச்சலாகவும் கடனாகவும் மட்டுமே தெரியும். நடுவில் இருக்கிறவனிடம் போய், முடிவைப் பார்த்தவன் மாதிரிப் பேசக் கூடாது. யோசேப்பு “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்ற கருத்தைச் சொன்னது எப்போது? பதினேழு வயதில் குழிக்குள் கிடந்தபோதா? இல்லை. முப்பது வயதில் பார்வோனுக்கு முன்னால் நின்று, பஞ்சம் வந்து, அப்பாவை அடக்கம் பண்ணிய பிறகு. அதுவும் அவனே தன்னைப் பற்றிச் சொன்னான். குழிக்குள் கிடந்த பையனிடம் யாரும் வந்து அதைச் சொல்லவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், ‘தீமை’ என்ற வார்த்தையை அவன் மாற்றவே இல்லை. அண்ணன்மார் செய்தது தீமைதான். தேவன் அதைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

ரோமர் 8:28இல் “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரி, அடுத்த வசனத்தையும் படியுங்கள். அங்கே பவுல் சொல்லும் நன்மை, நாம் தேவகுமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. விசா கிடைப்பது என்று அவர் சொல்லவில்லை, அதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. இதற்கு இரண்டு வசனம் முன்னால், நமக்கு எப்படி ஜெபிப்பது என்றே தெரியாத நேரத்தில் ஆவியானவர் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ நமக்காக வேண்டுகிறார் என்று இருக்கிறது. எனக்கு 28ஐவிட இந்த 26ஆம் வசனம்தான் பல ராத்திரி கைகொடுத்திருக்கிறது. தேவனே பெருமூச்சு விடும் இடத்தில் நான் மட்டும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புயலையும் ஏஜென்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். புயல் வேறு. அந்த ஆள் உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு ஏமாற்றுவது பாவம், குற்றம். அதற்குத் ‘தேவனுடைய வழி’ என்று பெயர் வைத்தால் தேவன்மேல் பழி போடுகிறோம். நீங்கள் இதுவரை புகார் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். “கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்” என்கிறீர்கள். தம்பி, இது விசுவாசம் போலத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. யோசேப்பு சிறையில் என்ன செய்தான்? பானபாத்திரக்காரனிடம், என்னைப் பார்வோனுக்குச் சொல், நான் ஒரு தப்பும் செய்யாமல் இங்கே கிடக்கிறேன் என்று மனுக் கொடுத்தான். அது இரண்டு வருடம் வேலை செய்யவில்லை என்பது வேறு விஷயம், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தான்.

பவுல் கதை இன்னும் நேராக உங்களுக்குப் பொருந்தும். அப்போஸ்தலர் 16ஐ ஒரே மூச்சில் வாசியுங்கள். ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் தடை. ராத்திரி தரிசனத்தில் மக்கெதோனியா மனுஷன் ஒருவன் வந்து கூப்பிடுகிறான். கடல் தாண்டிப் பிலிப்பி பட்டணத்துக்குப் போனால் அங்கே காத்திருந்தது அந்த ஆண்பிள்ளை அல்ல. ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்கள், அதில் ரத்தாம்பரம் விற்கிற லீதியாள். எதிர்பாராத வழி என்றால் இது. அதற்கப்புறம் அடி, சிறை. மறுநாள் அதிகாரிகள் சத்தமில்லாமல் விடுதலை செய்து அனுப்பப் பார்த்தபோது பவுல் போக மாட்டேன் என்கிறார். விசாரிக்காமல் எங்களை வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து வெளியே விடட்டும் என்கிறார். ராத்திரி சிறையில் பாடினவரும் அவர்தான், காலையில் நியாயம் கேட்டவரும் அவர்தான். இரண்டும் ஒரே விசுவாசம்.

அதனால் இந்த வாரமே பணம் கட்டின ரசீது, வங்கிக் கணக்கில் அனுப்பியிருந்தால் அந்தப் பக்கம், வாட்ஸ்அப்பில் பேசியது, எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு போலீசில் எழுத்தாகப் புகார் கொடுங்கள். மனு ரசீதை வாங்காமல் வராதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. அந்த ஆள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை யாரிடமாவது பணம் கட்டுவதற்கு முன்னாலும் அதைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பணம் திரும்புமா என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

“தினமும் காலையில் எப்படி நம்புவது?” இதுதான் உங்கள் கேள்வியிலேயே கனமானது.

நான் பிறந்தது கடைமடைக் கிராமம். வீரசோழன் ஆற்றுப் பாசனம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்க வேண்டும் என்பது ஊரறிந்த கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதி தவறியது, 2020இல்தான் திரும்பவும் தேதிக்குத் திறந்தார்கள். திறந்தால் மட்டும் போதாது. கல்லணைக்கு வந்து, முறை வைத்து, மேல்மடைக்காரர்கள் எல்லாரும் பாய்ச்சி, எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது வாரக்கணக்கில் ஆகும். சில வருடம் கடைசி ஊருக்கு முன்னாலேயே நின்றுவிடும். என் அப்பா அந்த மாதிரி வருடங்களில் புழுதி விதைப்பு விதைப்பார். காய்ந்த நிலத்தைக் கட்டி உடைய உழுது, ஈரமே இல்லாத மண்ணில் நெல்லைத் தெளித்து மூடிவிட்டு, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது. ஒரு மழை பெய்து முளைத்து, அப்புறம் இரண்டு வாரம் வெயில் அடித்தால் முளை கருகிவிடும். திரும்ப விதைக்க வேண்டும். ஒரு வருடம் மூன்று தரம் விதைத்தார். மூன்றாம் தரம் விதைநெல் கடன் வாங்கியது. அந்தக் காலையில் அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. அம்மா கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு, வரப்பில் நின்று தலைப்பாகையைக் கழற்றி, “ஆண்டவரே, இதுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அந்த வருடம் விளைந்ததா என்று கேட்காதீர்கள், பாதிதான் விளைந்தது.

ஏசாயா 55ஐ விட்ட இடத்திலிருந்து படித்தால் அடுத்து வருவது இதேதான். மழை இறங்கி மண்ணை நனைத்து, ‘விதைக்கிறவனுக்கு விதையையும் புசிக்கிறவனுக்கு ஆகாரத்தையும்’ கொடுக்கிறது போல என் வசனமும் வெறுமையாய்த் திரும்பாது என்கிறார் கர்த்தர். விதைக்கிறவன் அங்கே கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை, விதைத்துக்கொண்டிருக்கிறான். தினசரி நம்பிக்கை என்பது எனக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் தம்பி. ஐந்து வருடத்துக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று மனசுக்குள் தெம்பாக உணர வேண்டும் என்று நினைத்து அது வரவில்லையே என்று நொந்துகொள்ளாதீர்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியது என்னவோ அதை அவர் முகத்துக்கு முன்னால் செய்யுங்கள். கன்றுக்குத் தண்ணீர், கடன்காரரிடம் உண்மையான தேதி, அக்காவிடம் நகை விஷயத்தில் ஒளிக்காத பேச்சு. கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். 13ஆம் சங்கீதம் “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் ஆரம்பிக்கிறது. வேதத்துக்குள்ளேயே அந்தக் கேள்வி இருக்கும்போது நீங்கள் கேட்டால் அவிசுவாசம் ஆகாது. அந்த மீனவத் தெரு அம்மா இன்றைக்கும் எங்கள் சபையில் அதே வாசற்படி ஓரத்துப் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். நான் வீட்டுக்குப் போனால் அந்தச் சங்கீதத்தை வாசிக்கச் சொல்வார்கள். “நாம கேக்கறத இவரும் கேக்கறாரு சார்” என்பார்கள். அவர்களுடைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனாலும் வருகிறார்கள். என் விசுவாசத்தை அவர்களுடையதோடு வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அப்பாவைப் பற்றி. கஜாவுக்குப் பத்து நாள் கழித்து நாங்கள் தார்ப்பாயும் அரிசியும் மெழுகுவர்த்தியும் ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வந்திருந்தோம். மரங்கள் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்தன. வேர் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்கு நின்றது. ஒரு பெரியவர் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, இது எங்கப்பா வச்சது, இது எங்கல்யாணத்தப்ப வச்சது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தென்னை வைத்தவனுக்குத் தோப்பு என்பது வரவு செலவு மட்டும் இல்லை. முப்பது வருட வயது அதில் நிற்கிறது. உங்கள் அப்பா கோயிலுக்கு வராமல் இருப்பது தேவனோடு கோபம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இருக்கலாம். எனக்கென்னவோ, கோயிலுக்கு வந்தால் நாலு பேர் ‘எல்லாம் நன்மைக்கே’ என்பார்களே என்ற பயமாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அது ஒன்றுதான். அப்புறம் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள், கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். மனம் கசந்து பேசின யோபுவைப் பற்றியோ, என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்றார்.

ஆகவே அப்பாவிடம் பிரசங்கம் வேண்டாம். அவர் கடன் வாங்கிக் கன்று நட்டிருக்கிறார் என்று எழுதினீர்களே, அதைக் கவனித்தீர்களா? தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும் என்று தெரிந்த வயசாளி, குழி வெட்டி, அடியில் உப்பும் மணலும் போட்டுக் கன்று வைக்கிறார். அது ஜெபம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாயந்திரம் தண்ணீர் விடப் போகும்போது கூடப் போங்கள். எந்தக் கன்று எந்த மரம் இருந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும்.

கடைசியாக, உபவாசத்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். உடம்புக்கு முடிந்தால் இருங்கள். கேட்டது கிடைக்க வேண்டும் என்று விலை கொடுப்பது போல இருக்காதீர்கள். அப்படி மூன்று வருடம் இருந்ததால்தான் இப்போது ஏமாந்த மாதிரி இருக்கிறது உங்களுக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் போதும். ராத்திரி அப்பா சாப்பிட உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் இலையைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.